ப்ளஸ் டூவுக்குப் பிறகு ஒரு வருடம் நிறுத்தி அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறீர்களா? முதலில் இதைப் படித்துவிடுங்கள்

2023 மே மாதம் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தது. அடுத்த ஒரு மாதம் எங்கள் தெருவில் யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான்: "எந்த காலேஜ்ல சேர்ந்திருக்க?" இந்த வருஷம் சேரவில்லை என்றதும் அம்மாவை ஓரமாகக் கூட்டிப்போய், "பிள்ளைக்கு மார்க் கம்மியா?" என்று விசாரிப்பார்கள். மார்க்கெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. முழு உதவித்தொகை தரும் அமெரிக்கக் கல்லூரிகள் இருக்கின்றன என்பதே எனக்கு ப்ளஸ் டூ ஜனவரியில்தான் தெரியவந்தது. அதற்குள் அந்த வருடத்துக் கடைசித் தேதிகள் எல்லாம் போயிருந்தன.

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர், ஸ்டேட் போர்டு, அப்பாவுக்கு மளிகைக்கடை. வழிகாட்ட ஆள் இல்லாமல் நானே முட்டி மோதிக் கற்றுக்கொண்டேன். 14 கல்லூரிகளுக்கு விண்ணப்பித்ததில் 11 மறுத்தன, இரண்டு காத்திருப்புப் பட்டியலில் வைத்தன, ஒன்று முழு உதவியோடு இடம் தந்தது. நான் வீணாக்கிய மாதங்களை நீங்கள் வீணாக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். கட்டணங்கள் நான் கட்டியபோது இருந்தவை. வருடா வருடம் கூடும்.

1. இந்த ஒரு வருடம் உங்களுக்குத் தேவையா?

இப்போது ப்ளஸ் ஒன் படிக்கிறீர்கள் என்றால் தேவையே இல்லை. ப்ளஸ் டூ படிக்கும்போதே ஆகஸ்ட் முதல் ஜனவரிக்குள் விண்ணப்பித்துவிடலாம். என்னைப் போலத் தாமதமாகத் தெரிந்துகொண்டவர்களுக்கும், ப்ளஸ் டூ மார்க்கைக் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பிக்க விரும்புகிறவர்களுக்கும்தான் இந்த வழி.

பெயர் பெற்ற தனியார் கல்லூரிகள் பலவற்றில் ஒரு வருடச் செலவு 80,000 டாலரைத் தாண்டுகிறது. வெளிநாட்டு மாணவர்களிடமும் "உங்களால் பணம் கட்ட முடியுமா" என்று பார்க்காமல் தேர்ந்தெடுத்து, தேவையான பணம் முழுவதையும் தருபவை ஒரு கைப்பிடிதான்: ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹெர்ஸ்ட், டார்ட்மத், போடன் போன்றவை. இவற்றில் ஹார்வர்டிலும் எம்.ஐ.டி.யிலும் நூறு பேர் விண்ணப்பித்தால் ஐந்து பேருக்குக்கூட இடம் கிடைக்காது. மற்ற பல கல்லூரிகள் உதவி தரும், ஆனால் உதவி கேட்பவரா என்று பார்த்துவிட்டுத்தான் இடம் தரும். உங்கள் பட்டியலில் இந்த இரண்டாம் வகை நிறைய இருக்கட்டும். எனக்குக் கிடைத்த கல்லூரியின் பெயரை எங்கள் ஊரில் இன்றுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை.

2. இடையில் எந்தக் கல்லூரியிலும் சேராதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றுதான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். வீட்டில் நிச்சயம் சொல்வார்கள்: "சும்மா ஒரு இன்ஜினியரிங் சீட் போட்டு வை. அங்க கிடைச்சா இதை விட்டுடலாம்." கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் பட்டப்படிப்பில் முழுநேர மாணவராகச் சேர்ந்துவிட்டால், பல அமெரிக்கக் கல்லூரிகள் உங்களை முதலாண்டு விண்ணப்பதாரராகவே எடுத்துக்கொள்ளாது. கல்லூரி மாறி வருகிறவர் என்ற வரிசைக்குத் தள்ளிவிடும். அந்த வரிசையில் இடங்கள் குறைவு, வெளிநாட்டு மாணவருக்கான உதவிப் பணம் அதைவிடக் குறைவு.

ஒரு பருவம் படித்தால் பரவாயில்லை என்று சில கல்லூரிகள் சொல்லும், ஒரு வருடம் வரை பரவாயில்லை என்று சில, சேர்ந்தாலே கூடாது என்று சில. ஒவ்வொன்றின் தளத்திலும் பாருங்கள், புரியாவிட்டால் சேர்க்கை அலுவலகத்துக்கு இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வரும். அந்தப் பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்ந்ததை மறைத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பின்னால் தெரிந்தால் கிடைத்த இடமும் போகும். டைப்பிங், இந்தி, கணினி வகுப்பு மாதிரி பட்டம் தராத எதில் வேண்டுமானாலும் சேரலாம்.

3. மே, ஜூன்: பள்ளியிலிருந்து வாங்க வேண்டியவை

நான் இதைச் செப்டம்பரில் ஆரம்பித்தேன். அது பெரிய தப்பு. தனியார் பள்ளிகளில் மே மாதத்தோடு ஆசிரியர்கள் வேறு பள்ளிக்குப் போய்விடுவார்கள், அரசுப் பள்ளி என்றால் இடமாறுதல் கலந்தாய்வு இருக்கும். எனக்கு இரண்டு வருடம் இயற்பியல் நடத்திய சார் செப்டம்பருக்குள் திண்டுக்கல் பக்கம் போய்விட்டார். போன் நம்பர் பிடிக்கவே பத்து நாள் ஆனது.

முதலில் மதிப்பெண் பதிவு. கல்லூரிகள் கேட்பது 9, 10, 11, 12 என்று நான்கு வருடத்து மார்க். எங்கள் செட்டுக்குப் பத்தாம் வகுப்பு, ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ சான்றிதழ்கள் கையில் இருந்தன. ஒன்பதாம் வகுப்பு மார்க் பள்ளியின் பதிவேட்டில்தான் இருக்கும். பத்தாவது முடித்து நீங்கள் பள்ளி மாறியிருந்தால் பழைய பள்ளிக்கு நடக்க வேண்டும்.

என் சிக்கல் இன்னும் மோசம். ஒன்பதாவது படித்த 2020 மார்ச்சில் கொரோனா வந்து ஆண்டுத் தேர்வு இல்லாமலே தேர்ச்சி. பத்தாவதும் அப்படியே. எங்கள் செட்டின் எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழில் மார்க்கே கிடையாது, தேர்ச்சி என்று மட்டும் இருக்கும். நான்கு வருட மார்க் கேட்கும் இடத்தில் இரண்டு வருடம் காலி! கடைசியில் ஹெச்.எம். சார் ஒன்பதாம் வகுப்புக் காலாண்டு, அரையாண்டு மார்க்கையும், பத்தாவதில் ஜனவரியில் பள்ளி திறந்த பிறகு வைத்த இரண்டு தேர்வுகளின் மார்க்கையும் பதிவேட்டிலிருந்து எடுத்து, பள்ளி லெட்டர்ஹெட்டில் டைப் செய்து, அரசு முடிவால் தேர்வு நடக்கவில்லை என்று கீழே நான்கு வரி விளக்கம் சேர்த்து, முத்திரை குத்திக் கொடுத்தார். எந்தக் கல்லூரியும் திருப்பிக் கேள்வி கேட்கவில்லை. உங்கள் பதிவில் எது விடுபட்டிருந்தாலும் இதே வழிதான். காலியாக விடாமல், ஏன் இல்லை என்று பள்ளியே எழுதித் தர வேண்டும்.

அடுத்தது பரிந்துரைக் கடிதங்கள். விண்ணப்பத் தளம் ஆசிரியர்களின் மின்னஞ்சலுக்கு ஓர் அழைப்பு அனுப்பும், அதன் வழியாக அவர்களே கடிதத்தை ஏற்ற வேண்டும். பெரும்பாலும் மூன்று: ப்ளஸ் ஒன் அல்லது ப்ளஸ் டூவில் பாடம் நடத்திய இரண்டு ஆசிரியர்கள், அப்புறம் பள்ளி ஆலோசகர். நம் பள்ளிகளில் ஆலோசகர் என்று யாரும் இல்லை. ஹெச்.எம். அந்த வேலையைச் செய்யலாம். தமிழில்தான் நன்றாக எழுத வரும் என்றால் ஆசிரியர் தமிழிலேயே எழுதட்டும். ஆங்கில ஆசிரியரை மொழிபெயர்க்கச் சொல்லி, இரண்டையும் சேர்த்து ஏற்றலாம். என் இயற்பியல் சார் அப்படித்தான் செய்தார்.

இதில் ஒரு பொறி. "நீயே எழுதிட்டு வா, நான் கையெழுத்து போடுறேன்" என்பது நம் ஊரில் அன்பாகச் சொல்லப்படும் வார்த்தை. மின்னஞ்சல் பாஸ்வேர்டையே கையில் கொடுத்துவிடுவார்கள். வாங்காதீர்கள். உங்களைப் பற்றிய குறிப்புகளை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள், எந்தப் பாடத்தில் எந்தச் சம்பவம் என்று நினைவுபடுத்துங்கள். எழுதுவதும் ஏற்றுவதும் அவர்கள் வேலை. நானே எழுதியிருந்தால் "வகுப்பில் முதல் மாணவி" என்றுதான் எழுதியிருப்பேன். சார் எழுதியது, நான் ஒரு கணக்கில் அவர் போட்ட தப்பைச் சொல்லாமல் மூன்று நாள் தயங்கித் திரிந்த கதை. அது எனக்குத் தோன்றியே இருக்காது.

மின்னஞ்சல் விஷயம்: பள்ளிக்கென்று சொந்த முகவரி இருந்தால் அதையே கொடுங்கள். ஜிமெயில்தான் இருக்கிறது என்றால் பள்ளியின் தளத்திலோ லெட்டர்ஹெட்டிலோ அச்சாகியிருக்கும் முகவரியைக் கொடுங்கள். அழைப்பு ஸ்பாம் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். எங்கள் பள்ளியில் 12 நாள் அங்கேயே கிடந்தது.

4. பெயரும் பாஸ்போர்ட்டும்

நம் இனிஷியல் அமெரிக்கப் படிவங்களுக்குப் புரியாது. மார்க் ஷீட்டில் பெயரும் ஓர் எழுத்தும் இருக்கும். பாஸ்போர்ட்டில் அந்த எழுத்தை விரித்து அப்பா பெயர் சர்நேம் கட்டத்தில் போயிருக்கும், அல்லது சர்நேம் காலியாக இருக்கும். காலியாக விட்டால் விசாவில் உங்கள் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய், முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "எஃப்.என்.யு." என்று மூன்று எழுத்து விழும். முதல் பெயர் தெரியவில்லை என்று அதற்கு அர்த்தம். அப்புறம் போகிற இடமெல்லாம் அதுதான் உங்கள் பெயர். ஆகவே புதிதாக எடுக்கும்போதே இரண்டு கட்டத்தையும் நிரப்புங்கள்.

பாஸ்போர்ட்டில் உள்ளபடியே தேர்வு, விண்ணப்பம், உதவித்தொகைப் படிவம் எல்லாவற்றிலும் எழுதுங்கள். மார்க் ஷீட்டில் வேறு மாதிரி இருப்பதை ஹெச்.எம். கடிதத்தில் ஒரு வரியில் சொல்லிவிடலாம். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குப் பெரியவர்களுக்கு 1,500 ரூபாய். போலீஸ் விசாரணை இழுக்கும், ஜூனிலேயே போட்டுவிடுங்கள்.

5. தேர்வுகள்

சாட் என்பது அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வு. இப்போது கணினியில்தான், இரண்டு மணி 14 நிமிடம், 1600க்கு மார்க். கொரோனாவுக்குப் பிறகு பல கல்லூரிகள் இதைக் கட்டாயமில்லை என்றன. எம்.ஐ.டி. 2022இல் மீண்டும் கட்டாயமாக்கியது. டார்ட்மத், யேல், பிரவுன், ஹார்வர்டு எல்லாம் 2024இல் திரும்பக் கேட்க ஆரம்பித்தன. எழுதிவிடுவதே நல்லது. ஆகஸ்டில் ஒன்று, தேவைப்பட்டால் அக்டோபரில் இன்னொன்று என்று திட்டமிடுங்கள். நான் கட்டியது ஒரு தடவைக்கு 103 டாலர். எனக்கு மையம் கோவையில் கிடைத்தது. பக்கத்து மையங்கள் சீக்கிரம் நிறைந்துவிடும், இரண்டு மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். தேர்வு செயலியில் இலவசமாகவே முழு மாதிரித் தேர்வுகள் இருக்கின்றன. நான் கோச்சிங் போகவில்லை.

ஆங்கிலத் தேர்வில் ஐ.இ.எல்.டி.எஸ். என்றால் 17,000 ரூபாய்க்கு மேல். டுவோலிங்கோ தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாம், நான் 59 டாலர் கட்டினேன், எம்.ஐ.டி.யும் யேலும்கூட ஏற்கின்றன. ஆனால் அறையில் வேறு குரல் கேட்கக் கூடாது. மதியம் இரண்டு மணிக்கு, கடை சாத்தி, அப்பா தூங்குகிற நேரமாகப் பார்த்து எழுதினேன். மார்க் இரண்டு வருடம் செல்லும். பள்ளியில் இருந்தபோதே எழுதியவர்கள் தேதியைச் சரிபாருங்கள்.

6. காமன் ஆப்

ஒரே விண்ணப்பத்தை 20 கல்லூரிகள் வரை அனுப்பும் தளம் இது. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1 அன்று புது வருடத்துக்குத் திறக்கும். எம்.ஐ.டி. போன்ற சிலவற்றுக்குத் தனித் தளம். 650 சொல்லுக்குள் ஒரு கட்டுரை, பத்து வரை செயல்பாடுகள், ஒவ்வொன்றுக்கும் 150 எழுத்து. ஆசிரியர்களை அழைப்பதற்கு முன் கடிதங்களைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். விட்டுக்கொடுக்கிறேன் என்றே போடுங்கள், இல்லாவிட்டால் கடிதத்துக்கு மதிப்புக் குறையும்.

கடைசித் தேதிகள்: முன்கூட்டிய சுற்றுக்குப் பெரும்பாலும் நவம்பர் 1 அல்லது 15, முடிவு டிசம்பர் நடுவில். வழக்கமான சுற்றுக்கு ஜனவரி முதல் வாரம், முடிவு மார்ச் கடைசியில். மே 1க்குள் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். முன்கூட்டிய சுற்றில் கட்டுப்படுத்தும் வகை ஒன்று உண்டு. கிடைத்தால் போயே ஆக வேண்டும், ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் போடலாம். தரும் உதவி போதாவிட்டால் விலகலாம். தேவை முழுவதையும் தரும் கல்லூரி என்றால் அந்த ஒரு வாய்ப்பை வீணாக்காதீர்கள். எனக்கு நவம்பருக்குள் பரிந்துரைக் கடிதம் வந்து சேரவில்லை. அந்த வாய்ப்பு அப்படியே போனது.

விண்ணப்பக் கட்டணம் பெரும்பாலும் கல்லூரிக்கு 75 முதல் 90 டாலர் வரை. எல்லாவற்றையும் கட்டத் தேவையில்லை. தளத்திலேயே கட்டணத் தள்ளுபடி கேட்கும் இடம் இருக்கிறது. வெளிநாட்டவருக்குத் தராத கல்லூரிக்கு நிலைமையைச் சொல்லி எழுதிக் கேளுங்கள். 14இல் 11 கல்லூரிகள் எனக்குத் தள்ளுபடி செய்தன.

7. உதவித்தொகைப் படிவம்

என்னை அழ வைத்தது இதுதான். சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்பது குடும்பத்தின் வரவு, செலவு, சொத்து முழுவதையும் கேட்கும் படிவம். அக்டோபர் 1 அன்று திறக்கும். முதல் கல்லூரிக்கு 25 டாலர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 16. இதற்கும் சில கல்லூரிகள் தள்ளுபடிக் குறியீடு தரும், அல்லது இலவசமான வேறு படிவம் தரும். கேட்டால்தான் தருவார்கள்.

அப்பா வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ததில்லை. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி வருமானச் சான்றிதழ் வாங்கினோம். அதில் ஊரில் எல்லாருக்கும் போடுகிற மாதிரி வருடத்துக்கு 72,000 என்று வந்தது. வங்கிப் பாஸ்புக்கிலோ சரக்கு வாங்கும் பணமெல்லாம் லட்சக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டையும் சேர்த்து அனுப்பினால் பார்ப்பவர் என்ன நினைப்பார்? ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை நோட்டை எடுத்து வைத்து உட்கார்ந்தோம். ஒரு மாத விற்பனை, சரக்குக் கொள்முதல், கடை வாடகை, கரண்ட் பில், மொத்தக் கடைக்காரருக்கு நிற்கும் பாக்கி, கடைசியில் கையில் மிஞ்சுவது. அதைப் பன்னிரண்டு மாதத்துக்கும் எழுதி, கீழே அப்பா கையெழுத்துப் போட்டு, வரித் தாக்கல் செய்யவில்லை என்ற விளக்கத்தோடு அனுப்பினேன். மிஞ்சியது 72,000ஐ விட அதிகம்தான். அப்பாவுக்குப் பயம். ஆனால் படிவத்திலும் கணக்குத் தாளிலும் ஒரே எண் இருந்தது, அதுதான் முக்கியம். வருமானச் சான்றிதழையும் உண்மையான தொகைக்கே எழுதி வாங்குங்கள். தாத்தா பெயரில் பட்டா இருக்கும் நிலத்தை அப்பா சொத்தாகப் போட்டுவிடாதீர்கள்.

முதல் வருடம் உதவி கேட்காமல் சேர்ந்துவிட்டு அப்புறம் கேட்கலாம் என்று நினைக்க வேண்டாம். விண்ணப்பிக்கும்போது கேட்காத வெளிநாட்டு மாணவருக்குப் பல கல்லூரிகள் நான்கு வருடமும் தருவதில்லை.

பணம் கட்டும் கார்டு பற்றி ஒரு வார்த்தை. நம் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியே இருக்கும், வங்கிச் செயலியில் திறக்க வேண்டும். ரூபே கார்டை இந்தத் தளங்களில் நம்ப முடியாது. விசா அல்லது மாஸ்டர் கார்டாக ஒன்று வாங்கி வையுங்கள். கடைசி நாள் இரவு 11 மணிக்கு இது தெரிந்தால் மாமா வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருக்கும். தட்டினேன்.

எல்லாம் சேர்த்து எனக்கு ஆனது: சாட் இரண்டு தடவை 206 டாலர், டுவோலிங்கோ 59, உதவித்தொகைப் படிவம் ஆறு கல்லூரிகளுக்கு 105, விண்ணப்பக் கட்டணம் மூன்றுக்கு 225. மொத்தம் 595 டாலர், அன்றைக்கு 50,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. ஒரு கன்சல்டன்சி இதே வேலைக்கு ஒன்றரை லட்சம் கேட்டது, "சீட் கேரன்டி" என்றும் சொன்னது. அந்த வார்த்தையைக் கேட்டதும் எழுந்து வந்துவிடுங்கள்.

8. அந்த ஒரு வருடம் என்ன செய்வது?

பள்ளி முடித்த பிறகு என்ன செய்தீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். ஆராய்ச்சி, வெளிநாட்டுத் தொண்டு என்றெல்லாம் பணம் கட்டிப் போக வேண்டாம். நான் காலையில் கடையில் இருந்தேன், கடன் நோட்டைக் கணினிக்கு மாற்றினேன், மாலையில் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தேன். சம்பள வேலை, குடும்பப் பொறுப்பு இரண்டுக்கும் காமன் ஆப்பில் தனி வகையே உண்டு. என்ன செய்தாலும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், அக்டோபரில் நினைவிருக்காது.

9. கிடைக்காவிட்டால்

மார்ச் கடைசியில் முடிவு தெரிந்துவிடும், தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக்கான பதிவு மே மாதவாக்கில்தான் ஆரம்பிக்கும். முந்தைய ஆண்டு தேர்ச்சி பெற்றவர்களும் அதில் விண்ணப்பிக்கலாம். சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், டி.சி. அசல் எல்லாம் ஒரே ஃபைலில் தயாராக இருக்கட்டும். இடைவெளி ஏன் என்று கேட்டால் முத்திரைத்தாளில் நோட்டரி கையெழுத்தோடு ஓர் உறுதிமொழி கொடுத்தால் போதும். ஆனால் ஐ.ஐ.டி.க்கான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு அடுத்தடுத்த இரண்டு வருடத்தில் இரண்டு தடவைதான், பிட்ஸ் பிலானியின் நுழைவுத் தேர்வான பிட்சாட்டுக்கு ஒரு வருட இடைவெளிதான். இரண்டாவது வருடமும் நிறுத்தினால் இந்தக் கதவுகள் மூடிவிடும். நானாக இருந்தால் இரண்டாவது வருடம் நிறுத்த மாட்டேன்.

10. கிடைத்தால்

மாணவர் விசா எடுக்கத் தேவையான ஐ-20 படிவத்தைக் கல்லூரி அனுப்பும். அது வந்ததும் செவிஸ் என்ற வெளிநாட்டு மாணவர் பதிவுக் கட்டணம் 350 டாலர், எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு 185 டாலர், டி.எஸ்.-160 என்ற விசா விண்ணப்பப் படிவம், அப்புறம் சென்னை அண்ணா சாலையில் உள்ள துணைத் தூதரகத்தில் நேர்காணல். நேர்காணல் தேதி கிடைப்பதுதான் கஷ்டம். ஐ-20 வந்த அன்றே பதிவு செய்யுங்கள். விமான டிக்கெட்டைச் சில கல்லூரிகள் தரும், கேட்டுப் பாருங்கள். எனக்குத் தந்தார்கள்.

கடைசியாக ஒன்று. தடுப்பூசி விவரத்தைக் கல்லூரி கேட்கும். சின்ன வயதில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த அட்டையைத் தேடி எடுத்து வையுங்கள். எங்கள் வீட்டில் அது அம்மாவின் பட்டுப்புடவை மடிப்புக்குள் இருந்தது, கண்டுபிடிக்க நான்கு நாள் ஆனது.